ஞாயிறு வகுப்புக்கு முன் ஒரு வேலை

நண்பர்களே, ஞாயிறு வகுப்புக்கு வரும் முன் போனில் ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலியை நிறுவிவிடுங்கள். போனின் சென்சார்களை வைத்து இயற்பியல் சோதனைகள் செய்ய உதவும் செயலி இது. இலவசம்தான். புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், தேவையான சென்சார்கள் போனிலேயே இருக்கின்றன.

முதலில் ஈர்ப்பு விசையையும் சேர்த்துக் காட்டும் முடுக்கமானியை (வேக மாற்றத்தை அளக்கும் சென்சார்) செயலியில் திறந்து, போனை மேசைமேல் படுக்க வையுங்கள். அசையாமல் கிடக்கும்போதே இசட் அச்சில், அதாவது திரைக்குச் செங்குத்தான திசையில், 9.8-ஐ ஒட்டிய எண் தெரியும். ஏன் சுழி வரவில்லை என்று யோசித்துக்கொண்டே வாருங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், செயலியில் தொலை அணுகலை இயக்கினால் ஒரு முகவரி வரும். அதை லேப்டாப் பிரவுசரில் திறந்தால் அதே வரைபடம் ஓடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். சில பொது வைஃபைகள் கருவிகளைத் தங்களுக்குள் பேச விடாது, அப்போது ஹாட்ஸ்பாட் போதும். அந்த எண்களைப் பைத்தான் நிரல்மொழியில் படிப்பதை வகுப்பில் சேர்ந்தே எழுதலாம். சார்ஜர் மறக்காதீர்கள்.