செரோடோனினும் மாப்பிள்ளையின் மாத்திரையும்

காட்பாடி

அன்புள்ள ஏகாம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வெயிலைப் பற்றிச் சொல்லி மாளாது. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தவர்கள் வெயிலை மட்டும் முழுசாக வேலூருக்கே விட்டுவிட்டார்கள்.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின் சாப்பிடுகிறார், இன்னும் குழந்தை இல்லை, தலைக்குப் போடுகிற மாத்திரைக்கும் விந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். விலங்கியல் படித்த நீயே இப்படிக் கேட்கலாமா? சம்பந்தம் உண்டப்பா.

அந்த மாத்திரை வேலை செய்வது செரோடோனின் என்ற வேதிப்பொருளின் மேல். நரம்புகளுக்கு இடையே சேதி கடத்துகிற இதை எல்லோரும் மூளைச் சரக்கு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் உடம்பில் இருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. அங்கிருந்து ரத்தத்துக்கு வருவதை, ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் உறிஞ்சிச் சுமந்து திரிகின்றன. அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான நொதியே வேறு என்பது 2003இல்தான் தெரியவந்தது. ஆக, கழுத்துக்குக் கீழே இதற்குத் தனிக் குடித்தனம்.

அந்தக் குடித்தனத்தில் விரையும் சேர்த்தி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கிற லேடிக் செல்கள் நினைவிருக்கிறதா? அவற்றில் செரோடோனினுக்கான ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொள்கிற புரதங்கள், இருக்கின்றன. எலிகளில் பார்த்தபோது, செரோடோனின் வந்து சேர்ந்ததும் அந்தச் செல்கள் சிஆர்எஃப் என்ற பொருளை வெளிவிட்டன. மன அழுத்தம் வரும்போது மூளையில் சுரக்கிற அதே பொருள்தான். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புவது எல்ஹெச் என்ற ஹார்மோன். அதன் தூண்டுதலை சிஆர்எஃப் மட்டுப்படுத்த, டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தி குறைந்தது. மூளையிலிருந்து உத்தரவு எதுவும் வராமல் விரைக்குள்ளேயே நடக்கிற கட்டுப்பாடு இது. எனக்கு இதில் பெரிய வியப்பு.

அதற்காக செரோடோனினை வில்லனாக்கிவிடாதே. ஹாம்ஸ்டர் என்கிற வெள்ளெலியின் விந்தணுக்களோடு அதைச் சேர்த்தபோது அவை வாலை வேகமாக அடித்து நீந்தத் தொடங்கின. கருமுட்டையின் உறையைத் துளைக்க அந்த வேகம் வேண்டும். மனித விந்தணுவிலும் செரோடோனினை உள்ளே இழுக்கிற கடத்திப் புரதம் இருக்கிறது. மாப்பிள்ளையின் மாத்திரை அடைப்பது இந்த மாதிரிக் கடத்தியைத்தான். அது மூளையில் இருக்கிறதா, வேறு இடத்தில் இருக்கிறதா என்று மாத்திரைக்குத் தெரியாதே!

2010இல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான 35 ஆண்களுக்குச் சில வாரங்கள் பராக்ஸெட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கை, அசைவு, வடிவம் எதுவும் மாறவில்லை. ஆனால் விந்தணுவின் டிஎன்ஏ உடைந்திருக்கும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போனது. மாத்திரையை நிறுத்தியபின் பழைய நிலைக்குத் திரும்பியது. குழந்தை பிறப்பதில் வித்தியாசம் வந்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. அதனால் இதுதான் காரணம் என்று நீயாக முடிவு கட்டாதே. ஆனால் சாதாரண விந்துப் பரிசோதனையில் நார்மல் என்று வந்தாலும், டிஎன்ஏ பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்.

முக்கியமாக, மாப்பிள்ளை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். மருந்து கொடுத்த மனநல மருத்துவரிடம் குழந்தை விஷயத்தைச் சொன்னால் போதும், மாற்றுவதா குறைப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும். மருந்தை மாற்றினால் மூன்று மாதம் பொறுத்துத்தான் மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம்ம பொண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில் விரதம் எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையை ஒரு தடவையாவது லேபுக்கு அனுப்பினீர்களா? செலவு குறைந்த அந்தச் சோதனையை முதலில் செய்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வருவாய்தானே? வரும்போது ரிப்போர்ட்டை எடுத்து வா, உட்கார்ந்து பார்க்கலாம். உனக்காக இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
தணிகாசலம்