நங்கூரம் மணலில், தூண்டில் பாரில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தீவுகளுக்கிடையே நிதானமாகப் படகில் சுற்றியபடி மீன் பிடிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ராடு, ரீல், இரை எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் இருந்தது. நங்கூரத்துக்கு ஒரே ஒரு வரி: பாரை (கடலடிப் பாறை, பவளத் திட்டை) கண்டதும் அதன் மேல் இறக்கிவிடலாமாம். அது தவறு. பாருக்கு நேர் மேலே இறக்கினால் நங்கூரச் சங்கிலி உரசி மீன் கலையும், நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டும், பவளம் உடையும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. படகு ஒரு பிற்பகல் முழுவதும் ஆடும்போது சங்கிலி உடைத்துத் தள்ளுவது பல பத்தாண்டு வளர்ச்சியை.

மீன் இருக்கும் பார் விளிம்பை அடைந்ததும் என்ஜினை நியூட்ரலில் போட்டு, ஐந்து நிமிடம் படகை அதன் போக்கில் விடுங்கள். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பது ஜிபிஎஸ் திரையில் கோடாக விழும். அந்தக் கோட்டிலேயே எதிர்த்திசையில் மேலேறிப் போய், மணலில் நங்கூரத்தை இறக்கி, கயிற்றை விட்டுக்கொண்டே பின்வாங்கினால் படகின் பின்முனை பார் விளிம்பில் வந்து நிற்கும். எவ்வளவு தூரம் மேலேறுவது? ஆழம் 10 மீட்டர், அணியம் (படகின் முன்முனை) நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர், இரண்டும் சேர்ந்ததற்குக் கயிறு ஐந்து மடங்கு என்றால் 55 மீட்டர். 7 மீட்டர் நீளப் படகின் பின்முனை நங்கூரத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டரில் நிற்கும். கயிற்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். இரையும் தூண்டிலும் நீரோட்டத்தோடு தாமே பாரை நோக்கிப் போகும்.

மணலைக் கண்ணால் காண சூரியன் உயரத்தில், உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் மேடான பார், கருநீலம் ஆழம். கரும்பட்டையாகத் தெரிவது கடற்புல்லாகவும் இருக்கலாம். அதில் நங்கூரம் பிடித்ததுபோல் காட்டிவிட்டு, காற்று கூடியதும் வழுக்கிக்கொண்டு போகும். வெயில் சாய்ந்துவிட்டால் இந்த நிறங்கள் எதுவும் தெரியாது. பழக்கமில்லாத தீவுக்கு மாலையில் போய்ச் சேரும்படி திட்டமிடாதீர்கள்.

கயிற்று நீளத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஆழமானியில் 4 மீட்டர் என்று பார்த்து, ஐந்து மடங்காக 20 மீட்டர் விட்டுவிட்டுத் தூண்டில் போட உட்கார்ந்துவிடுவார்கள். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) 1.5 மீட்டர் ஏறினால், அணியத்தின் 1 மீட்டரையும் சேர்த்து மொத்தம் 6.5 மீட்டர். விட்ட கயிறு இப்போது அதற்கு மூன்று மடங்குதான். நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுத்தால்தான் அதன் கொழு (தரையில் குத்தும் தகடு) மணலுக்குள் புதையும். மேல்நோக்கி இழுத்தால் அதே கொழு வெளியே வரும். பகலில் சற்று நேரம் நிற்க ஐந்து மடங்கு, அதாவது 32.5 மீட்டர் போதும். இரவு தங்குவதானால் ஏழு மடங்கு, 45.5 மீட்டர். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு நிற நூல் கட்டி வைத்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

நங்கூரத்தை வீசக் கூடாது. வீசினால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து விழுந்து கொழுவைச் சுற்றிக்கொள்ளும். காற்றை எதிர்நோக்கிப் படகை நிறுத்தி, அது பின்னால் நகரத் தொடங்கியதும் கையால் இறக்குங்கள். மூன்று மடங்கு போனதும் ஒருமுறை இறுக்கிப் பிடித்து, பிறகு மீதியையும் விட்டுக் கட்டி, என்ஜினை மெதுவாகப் பின்னோக்கி அரை நிமிடம் ஓட்டுங்கள். பக்கவாட்டில் கரையிலுள்ள ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே நேரில் வைத்துப் பாருங்கள். அவை விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை. கயிற்றில் வைத்த கைக்குத் தடதடவென்று அதிர்வு தெரிந்தாலும் அதே பொருள்தான்.

எக்காரணம் கொண்டும் நங்கூரக் கயிற்றைப் பின்புறம் மட்டும் கட்டாதீர்கள். தூண்டில் போட வசதி என்று பலர் செய்வது இது. பின்புறம் தாழ்ந்தது, தட்டையானது, என்ஜின் பாரம் முழுவதும் அங்கேதான். நீரோட்டம் இழுக்க, கயிறு அதை இன்னும் கீழே அமுக்கும். ஓர் அலை உள்ளே விழுந்தால் அடுத்த அலைக்குப் படகு எழாது. சிறு படகுகள் மூழ்கக் கட்டுரையில் பட்டியலிட்ட புயலும் மழையும் தேவையில்லை, இது ஒன்று போதும்.

சாமான்களைப் பொறுத்தவரை, 7 மீட்டர் படகுக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் நைலான் கயிறும், அதற்கும் நங்கூரத்துக்கும் இடையே குறைந்தது படகின் நீளத்துக்குச் சங்கிலியும் வேண்டும். நைலான் நீண்டு கொடுத்து அலையின் வெட்டிழுப்பைத் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். பக்கத்துப் படகின் புரொப்பெல்லரில் போய்ச் சுற்றும். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஆணியைக் கம்பியால் கட்டிவையுங்கள், அது தானாகக் கழல்வது உண்டு. இரு தட்டைக் கொழுக்கள் கொண்ட டான்ஃபோர்த் வகை நங்கூரம் மணலிலும் சேற்றிலும் அருமையாகப் பிடிக்கும், ஆனால் இழுவை திசை மாறினால் பிடுங்கிக்கொள்ளக்கூடும். கலப்பை வடிவ நங்கூரம் இழுவையோடு திரும்பிக்கொள்ளும். (அதை 1933-இல் வடிவமைத்தவர் ஜி. ஐ. டெய்லர் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளர்.)

பாறைத் தரையைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் ஒரு வழி உண்டு. சங்கிலியை நங்கூரத் தண்டின் மேல்முனையில் மாட்டாமல் அடிப்பகுதியில் மாட்டி, தண்டோடு கொண்டுவந்து மேல்முனையில் மெல்லிய கயிற்றால் மட்டும் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து இழுக்க, மெல்லிய கட்டு அறுந்து நங்கூரம் அடிப்பக்கமாகக் கழன்று வரும். காற்று வலுத்தாலும் அதே கட்டு அறும் என்பதால் இது ஆள் விழித்திருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும். எதுவும் பலிக்காவிட்டால் கயிற்றை அறுத்துவிடுங்கள். கத்தி அணியத்திலேயே இருக்கட்டும்.

தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் ஓதத்தின் நடுப்பகுதியில்தான் நீர் வேகமாக ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். அப்போது ஈயக்குண்டு அடியைத் தொடாது. நீர் நின்று திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னுமான ஒரு மணி நேரம்தான் தூண்டிலுக்கு நல்ல நேரம். நங்கூரத்தை எடுக்கும் முன் எல்லாத் தூண்டிலையும் சுருட்டுங்கள். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிய தூண்டில் நரம்பு, புரொப்பெல்லர் தண்டில் நீர் புகாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்தால் எண்ணெய் கசியும், கியருக்குள் கடல்நீர் போகும்.

இரவு தங்குபவர்களுக்கு ஒன்று. பகலில் கடற்காற்றுக்கு மறைவாக இருந்த வளைகுடாவில், இரவில் திரும்பும் காற்று படகைக் கரையை நோக்கித் தள்ளலாம். நங்கூரம் தரையைத் தொடும் கணத்திலேயே படகு குறித்த வட்டத்தை விட்டு நகர்ந்தால் ஒலிக்கும் கைப்பேசி எச்சரிக்கையை அந்த இடத்தில் வையுங்கள். படகு பின்வாங்கி நின்ற பிறகு வைத்தால் வட்டத்தின் மையமே தவறாகும். 45 மீட்டர் கயிறும் 7 மீட்டர் படகும் என்றால் 60 மீட்டர் ஆரம் சரியாக இருக்கும். நாற்புறமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று எரிய வேண்டும். கால்வாயின் நடுவில் நங்கூரமிடுவதை 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளும் தவிர்க்கச் சொல்கின்றன.

அந்தத் தொடரின் அடுத்த பகுதியில் கயிற்று நீளக் கணக்கையும், நங்கூரம், படகு, பார் மூன்றும் எப்படி அமைய வேண்டும் என்பதையும் ஒரு படமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படகோட்டும் வாசகர்கள் சிலர்