பொருள்: கருப்பு நிறத்தைச் சாம்பலாகக் காட்டும் டி.வி. பேனல் மாற்றித் தரக் கோரி, கடைசியாக ஒரு முறை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். உங்களிடம் 4கே டி.வி. வாங்கிய காரைக்குடிக்காரன் எழுதுகிறேன். மாடல், பில், வாரண்டி எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஒப்பிக்க எனக்குத் தெம்பில்லை. கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாக இருக்கிறது. வலது கீழ் மூலையில் வெள்ளைப் படலம் நிற்கிறது. புகார் இவ்வளவுதான்.

டிஸ்னியின் 1985-ஆம் வருடப் படம் 'தி பிளாக் கால்ட்ரன்'. வில்லன் கொம்பு மன்னன் கோட்டையில், கொப்பரையிலிருந்து பச்சைப் புகை கிளம்பி, செத்த வீரர்கள் எழுந்து வருவார்கள். சின்ன வயதில் கேசட்டில் பார்த்தபோது எது புகை, எது பிணம் என்றே தெரியாது. 70 எம்.எம். திரைக்காக எடுத்த படத்தை அப்படிப் பார்த்திருக்கிறோமே என்ற குறை மனதில் இருந்தது. சிங்கப்பூர் மச்சான் புளூ-ரே தட்டு கொண்டுவந்தார். அதற்காகத்தான் உங்கள் டி.வி.யே.

இப்போது அந்தக் கோட்டை அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல் இருக்கிறது.

உங்கள் போனில் பேசிய அம்மணி என்ன சொன்னார் தெரியுமா? "கார்ட்டூன் படத்துக்கா சார் இவ்ளோ டென்ஷன்? சீரியல் நல்லாத்தானே தெரியுது?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார். பின்னாலேயே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். யார் தீர்த்தது? அமெரிக்காவிலேயே டிஸ்னி கார்ட்டூன்களில் முதன்முதலாகப் பிஜி சான்றிதழ், அதாவது பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்ற சான்றிதழ், வாங்கிய படம் அது, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போடுகிற படமில்லை. அப்படியே இருந்தாலும் அவருக்கென்ன?

வீட்டுக்கு வந்த உங்கள் சர்வீஸ் தம்பி அதற்கும் மேல். தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறதாம், அந்த வெளிச்சம் டி.வி.யில் அடிக்கிறதாம். டி.வி. இருப்பது ஜன்னலே இல்லாத உள் அறையில். விளக்கையும் அணைத்துவிட்டேன். தரை எந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்? பிறகு, இது 1080 தட்டு, 4கே தட்டு போட்டால் சரியாகும் என்றார். 1080 என்பதும் 2160 என்பதும் புள்ளிக் கணக்கு. அதற்கும் கருப்புக்கும் என்ன சம்பந்தம்? அகலத் திரைப் படம் என்பதால் மேலேயும் கீழேயும் வெறும் பட்டை விழுகிறது. அங்கே படமே கிடையாது, அந்தப் பட்டையும் சாம்பல்தான். கையால் வரைந்த படத்தில் பல இடங்களில் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும். நடுவில் டி.வி.யாக ஃபிரேம் செருகி வழுவழுவென்று ஆக்கும் செட்டிங்கை நான் அணைத்து வைத்திருந்தேன். அதையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மதுரை கதையை விட்டுவிட்டேனே. சர்வீஸ் சென்டருக்கே கொண்டுவரச் சொன்னீர்கள். குட்டியானை பிடித்து, டி.வி.யை மெத்தைக்கு நடுவில் நிறுத்தி, திருப்பத்தூர், மேலூர் வழியாக ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். சாப்பாட்டு நேரம் என்று உட்காரவைத்தார்கள். அப்புறம் டியூப்லைட் வெளிச்சத்தில், பூவும் அருவியும் வரும் உங்கள் டெமோ வீடியோவைப் போட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். தட்டைப் போடுங்கள் என்றால், பிளேயர் இல்லையாம். அதே வண்டியில் திரும்பினோம்.

உங்கள் கம்பெனி மேல் எனக்கு விரோதம் கிடையாது. வீட்டில் ஃபிரிட்ஜும் உங்களுடையதுதான், குறை சொல்ல முடியாது. தயவுசெய்து பேனலை மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வண்டி வாடகையும் வேண்டும். மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம் கேட்டாலும் எனக்குக் கட்டுப்படியாகாது.

செய்யவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கை மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லிவிடுவேன். அந்த அம்மணியின் பேச்சு என் போனில் பதிவாகி இருக்கிறது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
காரைக்குடி வாடிக்கையாளர்

பி.கு.: மறுபடி ஆள் அனுப்பினால் ராத்திரியில் அனுப்புங்கள். தட்டைப் போட்டுக் காட்டுகிறேன். தரையைப் பார்க்கிற அந்தத் தம்பி மட்டும் வேண்டாம்.