போன்சாய் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: மரத்துக்கு முன் படம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மரங்களைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் நம் போன்சாய் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரு போகன்வில்லாவையோ அடீனியத்தையோ தூக்கிக்கொண்டு, "இதை என்ன செய்யலாம்?" என்று கேட்டு வந்தவர்கள். ஆண்டு முழுக்க நாம் பேசியதும் அதைத்தான்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி, கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவதற்கும் கிளை கழிப்பதற்கும் முன்னால் அந்த மரத்தின் படம் கூட்டத்துக்கு வர வேண்டும். நாலு பக்கமும் செல்போனில் எடுத்து, பெரிதாக அச்சடித்து, மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்து, ஐந்து வருஷம் கழித்து மரம் எப்படி நிற்க வேண்டும் என்று பென்சிலால் வரைவது. "எனக்குக் கோலமே நேராக வராது" என்று முணுமுணுப்பு எழுந்தது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எது முன்பக்கம், எந்தக் கிளை நிற்கும், எது போகும் என்று தெரிந்தால் சரி.

வரைந்த பிறகுதான் கணக்கு உதைத்தது. ஒருவருடைய புளி மூன்றடி உயரம், அடிமரம் இரண்டு அங்குலம். அடிமரத் தடிமனுக்கு ஆறு மடங்கு உயரம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அப்படியென்றால் ஓரடிக்கு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிமரம் ஆறு அங்குலம் ஆகும்வரை பொறுக்க வேண்டும். ஆழமில்லாத தட்டில் வைத்துக்கொண்டு பொறுத்தால் ஆயுசுக்கும் ஆகாது. தரையிலோ பெரிய தொட்டியிலோ கிளைகளை ஓடவிட்டால்தான் மரம் பெருக்கும். அவர் ஓரடிக்கு வெட்டி, புதுத் தளிரில் ஒன்றைத் தலையாக விட்டு, கொல்லையில் நட்டுவிட்டார். ஆசையாக வாங்கிய தட்டு சும்மா கிடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆண்டில் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

பள்ளத்தூர் ஆச்சி கொண்டுவந்த ஆலங்கன்று ஒரு கூட்டத்தையே எடுத்துக்கொண்டது. பழைய வீட்டு மதிலில் முளைத்தது. வேரெல்லாம் ஒரே பக்கம், சுவரோடு ஒட்டித் தட்டையாக. விண்பதியம் போட்டு, அதாவது தண்டில் பட்டையை நீக்கி ஈரப்பொதி கட்டி, சுற்றிலும் புதுவேர் வாங்கலாம் என்றார் ஒருவர். சாய்வு மரமாக்கலாம் என்றார் இன்னொருவர். "சுவத்தைப் பிடிச்சே வளந்த வேரப்பா, அதை எதுக்கு அறுக்கணும்?" என்றார் ஆச்சி. கடைசியில் ஒரு செம்பூராங்கல்லின் மேல் வேர்களைப் பரப்பி, சணலால் கட்டி, ஆழமான தொட்டியில் கல்லோடு சேர்த்து மூடினோம். வேர் கல்லைப் பிடித்துத் தடித்த பிறகு மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். சில வருஷ வேலை. ஆச்சியின் படத்தில் கல்லும் வேரும்தான் பெரிது, தழை ஒரு ஓரமாகத்தான்.

அமெரிக்க போன்சாய்க் கலைஞர் ஜான் நாகா உருவாக்கிய 'கோஷின்' என்ற போன்சாய்த் தோப்பின் படங்களையும் ஒரு மாலை பார்த்தோம். ஊசியிலை மரமான ஜூனிப்பர் 11, பேரப்பிள்ளைக்கு ஒன்றாக. 1984-இல் அமெரிக்கத் தேசிய போன்சாய் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மறுமாதமே மூன்று பேர் புளியைக் கூம்பாக வரைந்து வந்தார்கள்! புளி நம் சாலையோரத்தில் எப்படி நிற்கிறது? குட்டையான தடித்த அடி, அகலமாகக் குடை பிடித்த தலை. மாதிரி வேண்டுமென்றால் கண்மாய்க்கரைக்குப் போய் நின்று பாருங்கள். ஊசியிலை மரத்தின் உருவத்தைப் புளிமேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் ஒரு நினைவூட்டல். ஐப்பசி மழையில் ஆல் இனத்து இச்சி மரம் பெருக்கும் வேகத்துக்குக் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை பாருங்கள். கழற்றும்போது முறுக்கி இழுக்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் அதன் படத்தை மாட்டலாம், கொல்லையில் நிற்பவற்றுக்குப் படம் மட்டும் வைக்கலாம் என்பது என் யோசனை. அரைகுறை மரத்தை ஊருக்குக் காட்டுவதா என்று செயற்குழுவில் பாதிப்பேர் கேட்கிறார்கள். பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். சந்தா பாக்கியுள்ளவர்கள் கலைவதற்குள் பொருளாளரைப் பார்த்துவிட வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்