ஏர்போர்ட்டிலேயே சாவி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "ஏர்போர்ட்டிலேயே காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஜாலியாகக் கிளம்பலாம்" என்று ஒரே வரியில் முடித்திருந்ததை அப்படியே விட மனம் வரவில்லை. சென்ற வருடம் ஜூனில் நாங்களும் செம்பூரிலிருந்து குடும்பத்தோடு அதே இத்தாலியின் டஸ்கனி பகுதிக்குப் போனோம், பத்து நாளும் நான்தான் ஓட்டினேன். மும்பையில் பதினைந்து வருடமாகத் தினமும் ஓட்டுகிறவள் நான். அங்கே அது பாதிதான் கைகொடுத்தது.

அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் தப்பு நடப்பது நெரிசலில் இல்லை, காலி ரோட்டில். முன்னால் நாலு வண்டி போனால் அதன் பின்னாலேயே சரியாகப் போய்விடுவோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணி இருக்கும், தங்கியிருந்த பண்ணை வீட்டு வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்புகிறேன், ரோட்டில் ஈ காக்கை இல்லை, கை தன்னாலே நம் ஊர்ப் பழக்கத்தில் காரை இடது ஓரமாகவே கொண்டுபோய்விட்டது. அரை நிமிடம் அப்படியே ஓட்டியிருப்பேன். பக்கத்தில் இருந்த என் கணவர் "வலது, வலது" என்று கத்தினார். நான் மாறவும் அடுத்த வளைவில் ஒரு லாரி வரவும் சரியாக இருந்தது. பின்சீட்டில் என் மாமியாரும் எட்டு வயது மகனும். காரை ஓரங்கட்டி, கை நடுக்கம் நிற்கவே வெகுநேரம் ஆனது.

அன்றைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: ஓட்டுகிறவர் எப்போதும் நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறோம், யோசித்துப் பாருங்கள். நான் ரோட்டின் ஓரமாக இருந்தால் கார் தப்பான பக்கம் போகிறது என்று அர்த்தம். அப்புறம் பெட்ரோல் பங்கிலிருந்தோ பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போதெல்லாம் "நடுக்கோடு உன் பக்கம்" என்று அவர் வாய்விட்டுச் சொல்வார், நானும் திருப்பிச் சொல்வேன். கடைசி நாள் வரைக்கும் அதை விடவில்லை.

இன்னொன்று, காரின் அகலம் முழுக்க நமக்கு வலப்பக்கம் இருப்பதால் முதல் இரண்டு நாள் வண்டி வலது ஓரத்துக்கே இழுக்கும், நடைபாதைக் கல்லில் டயர் உரசும். இந்த இடத்தில்தான் இன்சூரன்ஸையும் பார்க்க வேண்டும். வாடகையோடு வரும் சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் சேராது. மற்ற சேதத்திலும் முதல் ஒரு தொகை நம் தலையில்தான். அதற்காகத்தான் கிரெடிட் கார்டில் பணத்தைப் பிடித்து வைக்கிறார்கள், கார்டும் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பார்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் "நான் கொஞ்ச தூரம் ஓட்டுகிறேனே" என்று உட்கார்ந்தால், அந்த நேரம் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் வராது. மச்சானோ மாப்பிள்ளையோ, ஓட்டப் போகிறவர் பெயரை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சாவி வாங்கியதும் காரை நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகிதம். நம் லைசென்ஸோடு ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகமும் இத்தாலியில் கட்டாயம் வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆன்லைனில் தனியார் விற்கும் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அட்டையை நம்பிப் போகாதீர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது வலது பக்கம் ஓட்டுவதைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயே ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுத்தால் என்ன?

ராத்திரி விமானத்தில் தூங்காமல் போய் இறங்கி, அந்தக் கண்ணோடு புது ஊரில், புதுப் பக்கத்தில் ஓட்டவே கூடாது. நாங்கள் ரோமில் ஒரு இரவு தூங்கிவிட்டு மறுநாள்தான் கார் எடுத்தோம். ஒரு நாள் ஹோட்டல் செலவுதான் கூடுதல்.

ரவுண்டானாவிலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் கிங்ஸ் சர்க்கிளில் மூக்கை நுழைத்தவருக்கே வழி. அங்கே நுழைகிற இடத்தில் தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால், உள்ளே சுற்றுகிறவருக்கு வழிவிட்டுத்தான் நுழைய வேண்டும், சுற்றுவதும் நமக்கு எதிர்த்திசையில். பழைய ஊர்ப் பகுதிகளில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகையும் 'இசட்டிஎல்' (ZTL, அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி) என்ற எழுத்தும் தெரிந்தால் உள்ளே போகாதீர்கள், கேமரா நம்பரைப் பிடித்துவிடும். எங்களுக்கு அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து செம்பூருக்கே வந்தது.

பின்சீட் பெல்ட் விஷயத்தில் என் மாமியாரோடு முதல் நாள் பெரிய வாக்குவாதம். சேலைக்கு மேல் இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றார். 2022 செப்டம்பரில் நம் பால்கர் பக்கம் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்து இறந்துபோனதை நினைவுபடுத்தினேன், பேசாமல் போட்டுக்கொண்டார். 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அங்கே தனி இருக்கை வேண்டும் என்பது சட்டம், கார் புக் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். ஆட்டோ கியர் வண்டி வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கையால் கியர் போடும் வண்டிதான் கிடைக்கும், அதுவும் வலது கையால்.

முதல்முறை வெளிநாட்டில் ஓட்டுகிறவர்கள் இலங்கை, மலேசியா என்று நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளில் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இனி ஒரு நாட்டைப் பற்றிப் பயணக் கட்டுரை போட்டால், அங்கே எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்று கீழே ஒரு சின்னக் கட்டத்தில் தமிழில் போடுங்கள். கோடை விடுமுறைக்கு எங்கள் கட்டடத்திலிருந்தே இரண்டு குடும்பங்கள் கிளம்புகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை