மாறாத கோடரியும் தொலைதூரக் கல்லும்

நைரோபி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதைப் படித்துவிட்டு மகளிடமும் வாசித்துக் காட்டினேன். கண் அறுவை சிகிச்சையை இனியும் தள்ளிப்போடாதே. இங்கே எல்லோரும் நலம். மருமகனின் வேலை இன்னும் ஓராண்டுக்கு நீண்டிருக்கிறது; நானும் பங்குனி வரை இங்கேதான் இருப்பேன்.

"பல லட்சம் ஆண்டுகள் ஒரே மாதிரிக் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தவர்களிடம் என்ன அறிவைக் கண்டாய்?" என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சென்ற மாதம் ஒலோர்கெசைலி என்ற கற்கால அகழாய்வு இடத்துக்குப் போய் வந்ததால் இப்போது பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

நைரோபியிலிருந்து மகாடி போகும் சாலையில் சுமார் 70 கி.மீ. தூரம். பிளவுப் பள்ளத்தாக்குக்குள் இறங்க இறங்க வெயில் ஏறுகிறது. அங்கங்கே மண் சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கிறது. பழைய ஏரியில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண் அது. 1942இல் தொல்லியலாளர் தம்பதியரான லூயி லீக்கியும் மேரி லீக்கியும் இங்கே கைக்கோடரிகள், அதாவது காம்பில்லாமல் கையில் பிடித்தே பயன்படுத்திய செதுக்கிய கற்கள், குவியல் குவியலாகக் கிடப்பதைக் கண்டார்கள். ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்து, மேலே நடைபாலம் அமைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்காத அளவில், கண்ணீர்த்துளி வடிவில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்த இடத்தில் இந்தக் கோடரிதான் ஆட்சி செய்தது. ஏரி பெருகியது, வற்றியது, எரிமலைச் சாம்பல் வந்து மூடியது, கோடரி மாறவில்லை. இதை மந்தபுத்தி என்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. இறைச்சியை அறுக்க, கிழங்கு தோண்ட, மரத்தை வெட்ட, எலும்பை உடைக்க அந்த ஒரே கல் போதும். அவசரத்துக்கு அதிலிருந்தே கூரிய சில்லும் பெயர்த்துக்கொள்ளலாம். எந்த நிலத்துக்குப் போனாலும் பயன்படும் கருவியை ஏன் மாற்ற வேண்டும்?

வட கென்யாவின் துர்க்கானா ஏரிப் பகுதியில் உள்ள நமோரோடுகுனான் என்ற இடத்தைப் பற்றி 2025இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. அங்கே கருவிகள் இன்னும் பழையவை, 27.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 24.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரையிலானவை. அந்தக் காலத்துக்குள் சதுப்பு நிலம் காய்ந்து, புல்வெளியாகி, தீப்பற்றும் வறண்ட நிலமாயிற்று. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நல்ல கல்லாகத் தேர்ந்தெடுத்து, அதே முறையில் கூரிய சில்லுகளைப் பெயர்த்திருக்கிறார்கள். எழுத்தில்லாத காலத்தில் ஒரு கைத்திறன் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள் அறுந்துபோகாமல் கைமாறியிருக்கிறது, முருகேசா! கற்றுக்கொடுக்க ஒருவரும் கவனித்துக் கற்க ஒருவரும் இல்லாமல் இது நடந்திருக்குமா?

ஒலோர்கெசைலியிலோ ஒரு கட்டத்தில் கோடரி போதாமல் போயிற்று. அங்கே 5 லட்சத்துக்கும் 3 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட மண்ணை அரிப்பு கொண்டுபோய்விட்டது. விடுபட்ட அந்தக் கதையைத் தேடி, அங்கே ஆய்வு செய்யும் மானிடவியலாளர் ரிக் பாட்ஸின் குழுவினர் 2012இல் அருகிலுள்ள கூரா படுகையில் 139 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு மண் தூணை எடுத்தார்கள். சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நிலமே பிளவுபட்டிருக்கிறது. பெரிய ஏரிப் படுகை சிறுசிறு படுகைகளாக உடைந்தது. தண்ணீர் ஓராண்டு இருந்தால் மறு ஆண்டு இல்லை என்ற நிலை வந்தது. பெரும் உடல் கொண்ட யானை, வரிக்குதிரை இனங்கள் போய், சிறிய விலங்குகள் வந்தன.

மண் மீண்டும் பேசத் தொடங்கும் 3 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கைக்கோடரிகளைக் காணோம். கல்லின் மேற்பரப்பை முன்கூட்டியே தயார்செய்து, வேண்டிய வடிவில் பெயர்த்தெடுத்த சிறிய கருவிகளும், கம்பில் பொருத்தத்தக்க கூர்முனைகளும் கிடைக்கின்றன. ஆனால் என்னை நிறுத்திவைத்தது கருவியின் வடிவம் அல்ல, கல் வந்த தூரம். கோடரிக்காரர்கள் ஏறக்குறைய எல்லாக் கல்லையும் 5 கி.மீ.க்குள் எடுத்துக்கொண்டார்கள். பின்வந்தவர்களிடம் இருந்த கருநிற எரிமலைக் கண்ணாடியோ 25 முதல் 50 கி.மீ. தொலைவிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும் வந்திருக்கிறது. செங்காவிக் கட்டிகளும் கரிய சாயக் கற்களும் கூடவே கிடைத்திருக்கின்றன; ஒரு காவிக் கட்டியில் துளையிட முயன்ற தடயம் இருக்கிறது.

கூட்டங்களுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இருந்ததன் அடையாளம் இது என்று பாட்ஸும் அவருடன் ஆய்வு செய்த அலிசன் புரூக்ஸும் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தண்ணீர் எப்போது பொய்க்கும் என்று தெரியாத நிலத்தில், மலைக்கு அப்பால் நம்மை அறிந்த ஒரு கூட்டம் இருப்பது எந்தக் கூர்முனையையும்விடப் பெரிய பாதுகாப்பு. சாயம்கூடத் தங்களை இன்னார் என்று காட்டிக்கொள்ளப் பூசியதாக இருக்கலாம்.

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கு இணையான ஓர் இடம் இருக்கிறது. 1863இல் நிலவியலாளர்களான புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கண்ட, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தைத்தான் சொல்கிறேன். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியதில், கைக்கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகிறது. சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கேயும் பெரிய கோடரி பின்வாங்கி, சிறிய சில்லுக் கருவிகள் முன்னுக்கு வந்தன என்று 2018இல் அறிவித்தார்கள். அதற்காக ஒலோர்கெசைலியின் கதையை அப்படியே கொசஸ்தலை ஆற்றின்மேல் பொருத்திவிடக் கூடாது. அந்த மண்ணுக்கு அதன் மழையும் அதன் வறட்சியும் தனி.

பங்குனியில் வந்ததும் நாம் இருவரும் பூண்டி அகழ்வைப்பகத்துக்குப் போவோம். எந்தக் கிழமை விடுமுறை என்று விசாரித்து வை. அதற்குள் உன் மறுப்பை விரிவாக எழுது. மூன்று லட்சம் ஆண்டுகள் ஒரு திறனைக் காப்பாற்றியவர்களை இன்னும் மந்தபுத்தி என்றுதான் சொல்வாயா?

அன்புடன்,
ராஜகோபால்