பூட்டிய கோப்புகளைத் திறந்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர் அச்சாகி வந்துவிட்டது. நன்கொடை தந்தவர்கள், கட்டுரை எழுதியவர்கள், அச்சகத்தார் எல்லோர் பெயரும் நன்றிப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இந்த மலர் அச்சுக்கே போகாமல் நின்றிருக்க வேண்டியது. அதை மீட்டுத் தந்தவர்களில் சிலரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

2020-ல் என் வீட்டு டிடிபி கணினியில் ரேன்சம்வேர் புகுந்தது. கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் கிருமி நிரல் அது. வேலைக்கு உதவ வந்த பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு ஒரு வடிவமைப்பு மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டான். காசு கட்டாமலே முழுப் பதிப்பும் ஓடும் என்று இணையத்தில் கிடைக்கிறதே, அந்தக் கிராக் வகை. அதற்குள்தான் இது ஒளிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மலரின் பக்கங்கள், வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகைகள், படங்கள், ஒலிப்பதிவுகள் என்று ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்து வால் ஒன்று ஒட்டிக்கொண்டது. எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஒன்றாக ரீட்மீ என்ற டெக்ஸ்ட் பைல் மட்டும் திறந்தது. கோப்புகளை விடுவிக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

முதல் நன்றி எதிர்வீட்டுத் தம்பிக்கு. கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை. வந்தவுடன் நெட் இணைப்பைக் கழற்றி வைத்தார். “அக்கா, எதையும் அழிக்காதீங்க, ஃபார்மட்டும் பண்ணாதீங்க” என்றார். பூட்டிய கோப்புகளையும் அந்த ரீட்மீயையும் அப்படியே வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வைத்தார். இன்றைக்குத் திறக்க வழி இல்லாதது நாளைக்குத் திறக்கலாம், அழித்துவிட்டால் எந்தக் காலத்திலும் திறக்க முடியாது என்றார். பதற்றத்தில் முதலில் கணினியைத் துடைத்து எடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அன்று அவர் தடுத்திருக்காவிட்டால் மற்ற யாருடைய உதவியும் எனக்குப் பயன்பட்டிருக்காது.

அப்புறம்தான் கிருமியை வெளியேற்றும் வேலை. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து காட்டினார். அங்கே ‘டைம் ட்ரிக்கர் டாஸ்க்’ என்று ஒரு வரி, அலுவலகப் பெயர் மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிரலை மறுபடி ஓட்டுவதுதான் அதன் வேலை. புதிதாகச் செருகும் பென் டிரைவும் ஏன் பூட்டிக்கொள்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓடும்படி ‘சிஸ்ஹெல்ப்பர்’ என்ற பெயரில், விண்டோஸின் அமைப்புகளெல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு பதிவு இருந்தது. இரண்டையும் நீக்கி, விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டினார். பிறகு டெஸ்க்டாப்பில் இரண்டு மூன்று வெற்று டெக்ஸ்ட் பைல்களை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவற்றில் வால் முளைக்கவில்லை. அதற்கு மேல்தான் மற்ற வேலையில் கை வைத்தார். இந்த வகை ரேன்சம்வேர் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களையும் கூட்டி வருவதுண்டு என்று சொல்லி, என் மின்னஞ்சல், வங்கிக் கணக்குக் கடவுச்சொற்களையெல்லாம் கைப்பேசியிலிருந்து மாற்ற வைத்தார்.

கிருமியை நீக்கினால் கோப்புகள் திரும்பி வந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீக்குவது வேறு, பூட்டைத் திறப்பது வேறு. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய நகல்களையும் அது முதலிலேயே அழித்துவிட்டிருந்தது.

இரண்டாவது நன்றி, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இருக்கும் மைக்கேல் கில்லஸ்பி அவர்களுக்கு. ஐடி ரேன்சம்வேர் என்ற இணையச் சேவையை 2016-ல் தொடங்கியவர். மிரட்டல் குறிப்பையோ பூட்டிய கோப்பு ஒன்றையோ ஏற்றினால் எந்த ரேன்சம்வேர் என்று அது சொல்லிவிடும். காசு கிடையாது. என்னைப் பிடித்தது ஸ்டாப் டிஜெவியு என்ற ரேன்சம்வேர் குடும்பம். பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, கிராக் மென்பொருள் வழியாக வீட்டுக் கணினிகளில் புகுவது. வீட்டுக்காரர்கள் நிபுணர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல் தவிப்பார்கள் என்று நினைத்து இந்தக் குடும்பத்தோடு போராடியவர்களில் கில்லஸ்பி முக்கியமானவர். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அவரோடு சேர்ந்து இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கான திறப்பு நிரலை இலவசமாக வெளியிட்டது.

எனக்கு வந்தது அதற்குப் பிந்திய வகை. ஆனால் ரீட்மீயின் அடியில் இருந்த அடையாள எண் சின்ன ‘t’, ‘1’ என்று முடிந்ததைத் தம்பி கண்டுபிடித்தார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ரேன்சம்வேர் பூட்டத் தொடங்கும்போது இணையத்தில் குற்றவாளிகளின் சர்வரைத் தேடும். கிடைத்தால் அந்தக் கணினிக்கென்று தனிச் சாவி வரும், அதைக் குற்றவாளிகளைத் தவிர யாராலும் திறக்க முடியாது. சர்வர் கிடைக்கவில்லை என்றால், தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஆஃப்லைன் சாவியால் பூட்டும். அந்தச் சாவி ஒரு வகைக்கு ஒன்றுதான், சிக்கியவர்கள் எத்தனை பேரானாலும். ‘t1’ என்ற முடிவு அந்த ஆஃப்லைன் சாவியின் அடையாளம். அன்று மாலை எங்கள் வீட்டில் நெட் பேக் தீர்ந்து போயிருந்தது, அதனால்தான் எனக்கு அந்தச் சாவி விழுந்தது.

எம்சிசாஃப்டின் திறப்பு நிரலை ஓட்டினோம். இது ஆஃப்லைன் அடையாளம், எதிர்காலத்தில் திறக்க வாய்ப்பு இருக்கலாம் என்று மட்டும் சொன்னது. காத்திருந்தோம்.

காத்திருந்த காலத்தில் கைகொடுத்தவர் கும்பகோணத்தில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் அண்ணன். மலருக்காகக் கோயிலின் மூத்த ஓதுவார் ஐயாவிடம் எடுத்த பேட்டி முழுவதும் எம்பி3 கோப்புகளாக இருந்தது. ஐயா இப்போது நம்மோடு இல்லை. இந்த ரேன்சம்வேர் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது என்று தெரிந்ததும், மீதியை எடுத்துவிடலாம் என்று அண்ணன் உட்கார்ந்தார். கெட்டுப்போன தலைப்பகுதியை வெட்டிவிட்டு மற்றதைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு பதிவிலும் சுமார் பத்து விநாடிதான் போயிருந்தது. தேவாரப் பண்கள் பற்றி ஐயா சொன்னது அத்தனையும் இருந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

விழாக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. உத்தரவாதமாகத் திறந்து தருகிறோம் என்று பெருந்தொகை கேட்டு ஓர் இடைத்தரகர் வந்தார். குழுவில் சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள். திருடனுக்குக் கோயில் காசு போகாது என்று ஐயா ஒரே வார்த்தையில் முடித்தார். கொரோனாவால் விழாவே தள்ளிப்போனதால் அவகாசமும் இருந்தது. அதே சமயத்தில் இன்னொரு ஆபத்திலிருந்தும் தம்பி காப்பாற்றினார். 2020 ஜூனில் ஸ்டாப் டிஜெவியுவைத் திறக்கும் கருவி என்ற பெயரில் சோராப் என்று ஒன்று உலவியது. உண்மையில் அது, பூட்டிய கோப்புகளையே இன்னொரு முறை பூட்டும் வேறொரு ரேன்சம்வேர். எம்சிசாஃப்டின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் எதையும் இறக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இனி, எனக்குப் பெயர் தெரியாத ஒருவருக்கு.

ஆஃப்லைன் சாவி எப்படி வெளியே வருகிறது என்று தெரிந்தபோது நான் கலங்கிப்போனேன். அதே வகையில் சிக்கிய ஒருவர், வேறு வழியில்லாமல் பணம் கட்டியிருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த சாவியை அவர் எம்சிசாஃப்டுக்குக் கொடுத்தால்தான் அது மற்றவர்களின் பூட்டையும் திறக்கும். ஐயா, அல்லது அம்மா, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் கோப்புகள் கிடைத்ததும், விட்டது போதும் என்று போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பணத்தையும் இழந்துவிட்டு, முகம் தெரியாதவர்களுக்காக அந்தச் சாவியை அனுப்பி வைத்தீர்கள். தம்பி ஒருநாள் நிரலை மறுபடி ஓட்டியபோது கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஓதுவார் ஐயாவின் பதிவில் விட்டுப்போன முதல் விநாடிகளும் திரும்பி வந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரையும் குருநாதர் பெயரையும் அங்கேதான் சொல்லியிருக்கிறார். மலரில் 14-ஆம் பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கம் உங்களுடையது.

டிசைன் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நன்றி. உங்கள் கோப்புகள் தயாராக இருக்கின்றன, பென் டிரைவோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இதே மாதிரி பூட்டிய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை அழிக்காமல் ரீட்மீயோடு எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ரீட்மீயின் அடியில் இருக்கும் அடையாள எண்ணின் கடைசி இரண்டு எழுத்து ‘t1’ என்று இருந்தால் கட்டாயம் வாருங்கள்.